இரவில் தனியே பார்க்க ஒரு நல்ல பேய்ப்படம் சொல்லுங்கோ

வெள்ளவத்தையான்: போன கிழமை பிரமயுகம் பார்த்தேன், 2024இல் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்த மலையாளப் படம், மம்மூட்டி சிரிக்கச் சிரிக்கத் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பக்கம் ரயில் கூவ, சத்தியமாக எழும்பி லைட் போட்டேன். வேற என்ன இருக்கு?

தெஹிவளைத் தம்பி: அண்ணா, அதே இயக்குநர் ராகுல் சதாசிவனின் பூதகாலம், 2022. பேய் கொஞ்சம்தான். ஒரே வீட்டில் அம்மாவும் மகனும் படும் பாடுதான் பயம், ரேவதி கலக்கியிருக்கிறா. முதல் பாதி மெதுவாகப் போகும், போனை நோண்டாமல் பாருங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா: எனக்குப் பேயெல்லாம் சிரிப்புத்தான் வரும். ராட்சசன் பாருங்கோ, 2018. பரிசுப் பெட்டிக்குள் பொம்மைத் தலை! கொலைகாரனின் முன்கதைதான் கொஞ்சம் இழுவை.

வெள்ளவத்தையான்: சரி தம்பி, பூதகாலம் நாளைக்கே. ஆனால் பகலில்.