18-ஆ 20-ஆ? பேட்டரி டிரில் வாங்கி ஏமாந்தவங்க வாங்க

துளைக்காரன்:
ரெண்டு வருஷமா 18 வோல்ட் டிரில் ஒன்னு வெச்சிருக்கேன். போன மாசம் 20 வோல்ட்னு போட்டிருந்த இன்னொன்னைப் பார்த்ததும் கை அரிச்சுது. ரெண்டு வோல்ட் கூட இருக்கே, கான்கிரீட்ல சட்டுனு இறங்கும்னு நினைச்சேன். வாங்கி ஓட்டினா ஒரு வித்தியாசமும் தெரியல. கடுப்புல ரெண்டு பேட்டரியையும் முழுசா சார்ஜ் ஏத்தி மல்டிமீட்டர் வெச்சேன். பழசு 20.6, புதுசு 20.7!

கழட்டியே பார்த்துட்டேன் (வாரண்டி போச்சு, திட்டாதீங்க). ரெண்டுக்குள்ளயும் அஞ்சு லித்தியம் செல், ஒன்னோட ஒன்னு தொடரா. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட்னு கணக்கு வெச்சா அஞ்சுக்கு 18. முழு சார்ஜ்ல ஒரு செல் 4.2 வரைக்கும் போகும், அஞ்சுக்கு 21. அந்த உச்சத்தை ஒட்டி 20னு போட்டுக்கிறாங்க. 10.8-ம் 12-ம் இதே கதைதான், அதுல மூணு செல். பழைய கள்ளு, புது மொந்தை.

மரத்தூள்:
நீங்க பரவாயில்ல அண்ணே, ரெண்டு வோல்ட்டோட போச்சு. நான் வாங்கின கிரைண்டர்ல ஸ்டிக்கர்ல 48. உள்ள அதே அஞ்சு செல்.

ஒயர்ப்பெட்டி:
என் கதையில ஸ்டிக்கர் பொய் சொல்லல, மீட்டர்தான் என்னை ஏமாத்துச்சு. 6 மி.மீ. பிட் போட்டா டிரில் நல்லா ஓடும். 10 மி.மீ. மாட்டி அழுத்தினா ரெண்டே நொடியில நின்னுடும். பேட்டரியை அளந்தா 19.8 காட்டுது. அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மோட்டார்தான் போச்சுன்னு முடிவு பண்ணி மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையே வீணாப் போச்சு.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. பேட்டரியோட மூடியைக் கழட்டி, மீட்டர் முனையைப் பிடிச்சுக்கிட்டு, தம்பியை டிரில்லை அழுத்தி ஓட்டச் சொன்னேன். 19.8 கண்ணு முன்னாடியே 14-க்கு சரிஞ்சு, கட் ஆயிடுச்சு. ஒவ்வொரு செல்லா பார்த்தா, சும்மா இருக்கும்போது நாலு செல் 4.0, ஒன்னு 3.8. பெரிய வித்தியாசம் இல்லையேன்னு தோணும். லோடு ஏறினதும் நாலும் 3.3-ல நிக்குது, அந்த ஒன்னு மட்டும் 0.9-க்குப் போயிடுது. உள் மின்தடை, அதாவது கரண்ட் வெளிய வரும்போது செல்லுக்குள்ளயே இருக்குற தடை, ஏறிப்போன செல் அது. கரண்ட் இழுக்காத வரைக்கும் நல்லவன் வேஷம் போடும்.

மரத்தூள்:
ஓ! அப்ப என் 2 ஆம்பியர்-அவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) பேட்டரி திணறுற இடத்துல 4 ஆம்பியர்-அவர் போட்டா ஈஸியா போறதும் இதனாலதானா? நேரம் மட்டும்தான் கூடும்னு நினைச்சிருந்தேன்.

ஒயர்ப்பெட்டி:
அதேதான். அதுல பொதுவா பத்து செல், ரெண்டு ரெண்டா இணையா இருக்கும். 20 ஆம்பியர் இழுத்தா ஒரு செல்லுக்குப் பத்துதான். வோல்ட் அவ்வளவா சரியாது, மோட்டார் வேகமும் விழாது. ரெண்டுமே 18 வோல்ட்தான், ஆனா பிடியில தெரியும்.

துளைக்காரன்:
அப்ப 36 வோல்ட் எல்லாம் சும்மா பந்தாவா?

ஒயர்ப்பெட்டி:
இல்லண்ணே, அது நிஜம். 720 வாட் வேணும்னா 18 வோல்ட்ல 40 ஆம்பியர் இழுக்கணும், 36-ல 20 போதும். கரண்ட் பாதியானா அதே ஒயர்ல சூடு கால்வாசி. பெரிய ரம்பத்துல ரெண்டு 18 வோல்ட் பேட்டரியைத் தொடரா மாட்ட வெச்சிருப்பாங்களே, அதுக்குத்தான். சுவத்துல ஆணிக்கு ஓட்டை போட இதெல்லாம் எதுக்கு?

மரத்தூள்:
அந்தக் கெட்ட செல்லை மட்டும் மாத்திட்டீங்களா?

ஒயர்ப்பெட்டி:
மாத்தல. பழைய நாலோட புது செல் ஒன்னைச் சேர்த்தா சார்ஜ்ல சமமா ஏறாது, இறங்காது. லித்தியத்தோட விளையாட எனக்குத் தைரியம் இல்ல. புது பேட்டரியே போட்டுட்டேன், 10 மி.மீ. இப்ப அழகா இறங்குது. மோட்டாரைப் பிரிச்சப்ப தொலைச்ச ஸ்க்ரூதான் இன்னும் கிடைக்கல.