பதின்மூன்று வயதும் பதின்மூன்று அத்தியாயமும்

லயத்துவீட்டு அம்மா:
மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் மகள் போன வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தாள். பள்ளித் தோட்டத்து வெண்டைக்காயை ஆசிரியர்களுக்கு விற்றுக் கணக்கு எழுதியவள் அவள். சபைகூடலில் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசியவளும் அவள்தான். இந்த வருடம் இடைநிலைப்பள்ளியில் முதல் வகுப்பு, படிவம் 1. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் வருகிறது. மாலையில் வீடு வந்தால் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் தூங்கிவிடுகிறாள். வகுப்பைவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடிக்க அனுமதி அட்டை வேண்டுமாம். நாற்பது பேருக்கு அட்டை ஒன்றுதான்.

நேற்று அவளுடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். 13 அத்தியாயங்கள். விகிதமுறு எண்களில் தொடங்கிப் பைதாகரஸில் முடிகிறது. "மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படியம்மா பிளஸ் வரும்?" என்று கேட்டாள். ஆசிரியரிடம் கேட்டதற்கு, "அது விதி, எழுதிக்கொள்" என்றாராம். எனக்கும் விடை தெரியவில்லை.

பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்களா? இதுதான் என் கேள்வி.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தங்கச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "பருவத்துக்கு ஏற்ற பாடம்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது. பல இடங்களில் ஆட்களை மேய்க்கும் கங்காணியோ கணக்கு எழுதும் கிராணியோதான் வாத்தியார். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பிள்ளையை ரப்பர்ப் பால்மரத்துக்கு அனுப்பினார்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்று அன்றைக்குத் துரை சொன்னதை இன்றைக்கு உளவியல் வார்த்தை போட்டுச் சொல்கிறார்கள்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடத்தைக் குறைத்தால் யாருக்கு லாபம்? பட்டணத்துப் பிள்ளை டியூஷனில் 13 அத்தியாயத்தையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நம் பிள்ளை பக்குவம் வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

கணக்கு டீச்சர்:
வணக்கம் ஐயா. குறைக்க வேண்டும் என்று அந்த அக்கா எங்கேயும் எழுதவில்லையே. விளக்கம்தான் கேட்டிருக்கிறார்.

நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 எடுக்கிறவள். கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் யோசிக்கிற பிள்ளை, கண்ணில் படாததையும் "ஒருவேளை இப்படி இருந்தால்" என்று யோசிக்கத் தொடங்குவது சுமார் பதினொன்று, பன்னிரண்டு வயதில் என்றார் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர். தொடங்குகிறது என்றாரே தவிர, அன்றைக்கே முடிந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. என் வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு வகையும் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தி எழுத்தைக் கண்டதும் எண்ணாக நினைக்கிறாள். பக்கத்தில் இருப்பவன், "டீச்சர், எக்ஸ் என்றால் எத்தனை, முதலில் அதைச் சொல்லுங்கள்" என்கிறான்.

மைனஸ் கணக்குக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற சின்ன 555 நோட்டு தோட்டத்துப் பிள்ளை எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போனேன். ஒரு பக்கத்தில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கடன், ஐந்து வெள்ளிக் கடன் என்று மூன்று வரி எழுதினேன். மொத்தம் மைனஸ் 15. இப்போது கடைக்காரர் மனம் இரங்கி மூன்று வரியையும் அடித்துவிடுகிறார். சிவப்புப் பேனாவை ஒரு பையனிடம் கொடுத்து அடிக்கச் சொன்னேன். "உங்கள் வீட்டுக்கு நஷ்டமா, லாபமா?" என்று கேட்டேன். "லாபம் டீச்சர், பதினைந்து வெள்ளி!" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. ஐந்து வெள்ளிக் கடனை மூன்று முறை நீக்கியது, பதினைந்து வெள்ளி கையில் கொடுத்ததற்குச் சமம். அந்த வகுப்பில் இனி யாரும் அதை விதி என்று மனப்பாடம் செய்ய மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அருமை. ஆனால் நீங்கள் என் கட்சிக்கு அல்லவா சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்? எந்தப் பாடத்தையும் எந்தப் பருவத்துப் பிள்ளைக்கும் நேர்மை கெடாத ஒரு வடிவில் சொல்லிக் கொடுக்கலாம் என்று 1960-லேயே அமெரிக்க உளவியலாளர் புரூனர் எழுதிவிட்டார். பாடம் அப்படியே இருக்கட்டும், வாத்தியார் தன்னை மாற்றிக்கொள்ளட்டும். பாடத்திட்டத்தின் மேல் ஏன் பழி?

கணக்கு டீச்சர்:
அந்த ஒரு வினாவுக்கு எனக்கு ஒன்றரைப் பாடவேளை ஆயிற்று ஐயா. அடுத்த வாரம் பாடக்குழுக் கூட்டத்தில் நான் பின்தங்கியிருப்பதாகக் குறித்துக்கொண்டார்கள். 555 நோட்டு என் கையில் இருக்கிறது. நேரம் பாடத்திட்டத்தின் கையில் அல்லவா இருக்கிறது? புரூனரும் ஒரே பாடத்துக்குத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏறி வாருங்கள் என்றார். ஓடிக்கொண்டே இருக்கிறவன் எப்போது திரும்பி வருவது?

புகுமுகம் 94:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் படிப்பாளி இல்லை, லோரி ஓட்டுகிறேன். ஆனால் இரண்டு பேரும் பாடம் கஷ்டமாக இருப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது அதற்கு நேர்மாறு.

1994-இல் மலாய்மொழி போதாது என்று என்னைப் படிவம் 1-க்கு முன் ஒரு வருடம் மொழி படிக்கும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். மொழி போதாதது உண்மைதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பதின்மூன்று வயதில், மீசை அரும்பிய பையன்கள் முப்பது பேர் சேர்ந்து, பூனை பாலைக் குடித்த கதையை உரக்கப் படித்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுதிய கதை அது. பக்கத்து வகுப்புப் பையன்கள் ஜன்னலில் நின்று "மியாவ்" என்பார்கள்.

அதே நான், பள்ளி விட்டதும் அப்பாவோடு போய், ரப்பர் மரத்தில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்குவேன். எடைபோடும் இடத்தில் கிலோவை உலர்ந்த ரப்பர் சதவீதத்தால் பெருக்கி, அதை அன்றைய விலையால் பெருக்கி, கிராணி சொல்வதற்குள் தொகையைச் சொல்லிவிடுவேன். ஒருமுறை அவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து அப்பாவிடம் அடி வாங்கினேன், பெரியவரை எதிர்த்துப் பேசினேன் என்று. நாக்குக்கு வராததை மூளைக்கும் வராது என்று முடிவு கட்டிய பள்ளியில் எனக்கு வெட்கம்தான் மிச்சம். படிவம் 3-க்கு மேல் போகவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. நான் பயந்ததும் இதுவேதான். தாழ்த்திக் கொடுத்தார்கள், பிள்ளை போயிற்று.

லயத்துவீட்டு அம்மா:
இல்லை ஐயா. வயதைப் பார்க்காமல் கொடுத்தார்கள், பிள்ளை போயிற்று. அந்தத் தம்பிக்கு மேலே கொடுக்க வேண்டியதைக் கீழே கொடுத்தார்கள். என் மகளை ஓட ஓட விரட்டுகிறார்கள். தப்பு ஒன்றுதான். இதைப் பருவம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

கிராணி வீட்டுப் பேரன்:
உளவியல் படிக்கிறேன், இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். 1993-இல் ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பருவத்துக்கும் சூழலுக்கும் உள்ள பொருத்தம் பற்றி எழுதினார்கள். தன் பேச்சு எடுபட வேண்டும், தானே முடிவு செய்ய வேண்டும் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கும் அதே வயதில், பெரிய பள்ளிக்கு மாற்றிக் கட்டுப்பாட்டைக் கூட்டுகிறோம். ஆர்வம் குறைவதற்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு காரணம் என்றார்கள். வெண்டைக்காய்க் கணக்கு எழுதியவள் தண்ணீர் குடிக்க அட்டைக்குக் காத்திருப்பது அதுதான். இரண்டாவது தூக்கம். பருவ வயதில் உடலின் தூக்க நேரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. சீக்கிரம் படு என்றால் தூக்கம் வராது. இந்த வயதுப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் பரிந்துரைத்தது. நம் ஊரில் ஏழரைக்கு மணி அடிக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அமெரிக்காவில் பஸ் வீட்டு வாசலுக்கு வரும், தம்பி. இங்கே தோட்டத்துச் சிவப்பு மண் சாலையில் செம்பனை லோரிக்கு வழிவிட்டு வர வேண்டும். அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள், நாற்பது பேரும் கழிப்பறையில்தான் இருப்பார்கள். நான் அனுபவித்தவன்.

பிள்ளையின் பாரம் குறையட்டும் என்று எத்தனை செய்துவிட்டார்கள்! 2021-இல் ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை யு.பி.எஸ்.ஆர். போயிற்று. 2022-இல் படிவம் 3 பரீட்சை பி.தி.3 போயிற்று. பாரம் குறைந்ததா? பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

லயத்துவீட்டு அம்மா:
அதை ஒப்புக்கொள்கிறேன். மதிப்பீட்டு அறிக்கையில் கணிதம், அடைவுநிலை 3 என்று இருந்தது. என்ன அர்த்தம் என்று மகளிடம் கேட்டேன். "ஆறில் மூன்று அம்மா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

புலவர் பேத்தி:
விவாதத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரை, தால் என்று பத்துப் பருவம் பாடி வைத்தார்கள். ஆண்பால் சிறுதேரோடு முடிகிறது, பெண்பால் ஊசலோடு முடிகிறது. பதின்மூன்று வயதுக்கு ஒரு பருவமும் இல்லை. நிலாவைக் கூப்பிடக்கூடப் பாட்டு இருக்கிறது, படிவம் 1 பிள்ளையைக் கூப்பிட இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்த வயதில் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை வருகிறது? புலவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

கணக்கு டீச்சர்:
ஐயா சிரிக்க வைத்துவிட்டார். ஆனால் என் கோரிக்கையை எழுதிவிடுகிறேன். 13 அத்தியாயத்தையும் எடுக்கத் தயார். எதை முதலில் எடுப்பது, எதற்கு எத்தனை நாள் தருவது என்பதை வகுப்பைப் பார்த்து நான் தீர்மானிக்க விடுங்கள். பழைய வாழ்வியல் பாடத்தில் மண்வெட்டியும் ரம்பமும் பிடித்தார்கள். 2017-இல் புதிய பாடத்திட்டத்தோடு அதன் இடத்துக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. கையால் செய்து பார்க்கிற நேரம் என் பள்ளியில் எழுதுகிற நேரமாகிவிட்டது. அந்த நேரத்தையாவது திரும்பக் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வாத்தியாரிடம் விட்டால் சோம்பேறி வாத்தியார் பைதாகரஸைத் தொடவே மாட்டார். அவர் வகுப்பில் உட்காருவதும் நம் பிள்ளைதான். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

லயத்துவீட்டு அம்மா:
டீச்சர் சொன்ன 555 நோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்து பார்த்தேன். மகள் பேனாவை வாங்கி அவளே அடித்தாள். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் மைனஸ் 15-ஐ மைனஸ் 5-ஆல் வகுத்தால்?" என்று கேட்டாள். எனக்கு மறுபடியும் விடை தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பதினைந்து வெள்ளிக் கடனில் எத்தனை ஐந்து வெள்ளிக் கடன் இருக்கிறது என்று கேட்கிறாள். மூன்று. பிளஸ். கெட்டிக்காரப் பிள்ளை. சனிக்கிழமை கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவையுங்கள், சும்மாதான் இருக்கிறேன், காசு வேண்டாம். ஆனால் 13 அத்தியாயத்தையும் முடிப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

லயத்துவீட்டு அம்மா:
அனுப்புகிறேன் ஐயா. எட்டரைக்கு மேல்.