வால்வெள்ளித் தந்தியோட 'கோடு'க்கு (code) என்ன சொல் போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வானியல் வரலாறு பாடம் ஒண்ணு தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். 1881ல அமெரிக்காவுல பாஸ்டன்ல சாண்ட்லர், ரிட்சின்னு ரெண்டு வானியலார் வால்வெள்ளிச் செய்தியைத் தந்தியில அனுப்ப ஒரு கோடு உண்டாக்கினாங்க. ரெண்டு ஊர்லயும் ஒரே அகராதி இருக்கும். வால்வெள்ளி எங்க இருக்குங்கிறதை எண்ணாத்தான் சொல்லணும். 21437ன்னு சொல்லணும்னா 214ஆம் பக்கத்துல 37ஆவது சொல்லை அனுப்பிடுவாங்க. கடலடிக் கேபிள்ல சொல்லுக்கு இவ்வளவுன்னு காசு, அதோட எண்ணா அடிச்சா தப்பு விழும். 'சங்கேதம்'னு போட்டேன், சரிபார்த்த அம்மா 'இதுல மறைக்க என்ன இருக்கு'ன்னு அடிச்சுட்டாங்க. வெறும் 'கோடு'ன்னு விட்டா பிள்ளைங்க ஸ்கேல் வச்சு போடற கோடுன்னு நினைக்கும்.

> வெறும் 'கோடு'ன்னு விட்டா

நன்னூல்லயே சொல் இருக்கும்போது ஏன் தேடணும்? குழூஉக்குறி, ஒரு குழு தங்களுக்குள்ள வச்சுக்கிற பேரு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி'ம்பாங்க, யானைப்பாகர் ஆடையைக் 'காரை'ம்பாங்க, வேடர் கள்ளுக்கு 'சொல்விளம்பி'. உள்ள போனா பேச வைக்குதுல்ல, அதனால சொல்விளம்பி, என்ன அழகு பாருங்க. வானியலாரும் ஒரு குழுதானே. 'குறி'ங்கிற வேர்லேர்ந்துதான் குறிப்பு, குறிக்கோள், குறிஞ்சிகூட வந்திருக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்...

> வானியலாரும் ஒரு குழுதானே

ஐயா, குறிஞ்சி பூவோட பேரு, அதை விட்டுடுங்க. பொற்கொல்லர் 'பறி'ன்னது வாங்க வந்தவனுக்குப் புரியக் கூடாதுன்னு. இது நேர் எதிர். 1882ல ஜெர்மனியில கீல் நகரத்துல இந்தத் தந்திகளுக்கு ஒரு மையம் வந்துச்சு, அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கு ஹார்வர்ட், ரெண்டும் இருந்ததே எல்லா வானோக்கு நிலையத்துக்கும் சீக்கிரம் சேதி போகணும்னுதான். வால்வெள்ளி ராத்திரிக்கு ராத்திரி நகர்ந்துடும், ரெண்டு நாள் மேகம் மூடினா எங்க தேடறது?

நான் தந்தி ஆபீஸ்ல வேலை பார்த்தவன், ஒண்ணு சொல்றேன். கல்யாண வாழ்த்துக்கு ஃபாரத்துல நம்பர் மட்டும் எழுதிக் கொடுப்பாங்க, அந்தப் பக்கம் முழு வாக்கியமா போய்ச் சேரும். அதை யாரும் சங்கேதம்னு சொன்னதில்ல, 'வாழ்த்து நம்பர்'தான். அதனால 'தந்திக்குறி' போதும்ங்க. இன்னொண்ணு, இந்த வால்வெள்ளித் தந்தியில கடைசியா வர்ற எண்ணுக்கும் பேர் வேணுமே? எல்லா எண்ணையும் கூட்டி, அஞ்சு இலக்கத்துக்கு மேல போறதை விட்டுட்டு கடைசியில சேர்ப்பாங்க. 21437, 05512, 80361 கூட்டினா 107310, அனுப்பறது 07310. நடுவுல எவனாவது 21347ன்னு மாத்தி அடிச்சா கூட்டல் இடிக்கும், பிடிச்சுடலாம். ஆனா ரெண்டு எண்ணே இடம் மாறிப் போச்சுன்னா கூட்டல் அப்படியேதான் இருக்கும், பிடிக்க முடியாது. 'சரிபார்ப்பு எண்'னு போடுங்க, புரியும்.

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், வால்வெள்ளியா வால்மீனா? கபிலர் 'தூமந் தோன்றினும்'னு பாடினாரு, புறநானூறு 117. தூமம்னா வால்வெள்ளி. கெட்ட சகுனங்களோட சேர்த்து வச்சாரு. அந்தக் காலத்துல தந்தின்னாலும் நம்ம வீட்டுல அழுகைதான் முதல்ல வரும். நல்ல பழந்தமிழ்ச் சொல் தூமம், அதை மீட்டா என்ன?

தூமம் வேண்டாம் அம்மா, பாடநூல்ல வால்மீனும் வால்வெள்ளியும்தான் ஓடுது.

எல்லாருக்கும் நன்றி. 'தந்திக்குறி', 'சரிபார்ப்பு எண்' ரெண்டையும் போட்டுட்டேன், நாலு பேர் சரின்னுட்டாங்க. இதே பாடத்துல 1995ம் வருது, ஹேல்-பாப் வால்வெள்ளியைக் கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஹேல் மின்னஞ்சல்ல சொன்னாரு, பாப் தந்திதான் கொடுத்தாரு. அந்தத் தந்தி சாதாரண வாக்கியம், அதனால அங்க தந்திக்குறி வராது, வெறும் தந்தி.

> நாலு பேர் சரின்னுட்டாங்க

நான் சரின்னு சொல்லல. எழுதி வச்சுக்கோங்க, குழூஉக்குறிதான். ஒரு குழுவுக்குள்ள ஒத்துக்கிட்ட பேருன்னுதான் இலக்கணம், ஒளிக்கணும்னு எந்த நூற்பாவுல இருக்கு? நாளைக்கு உரையோட வர்றேன்.