பதில்: எக்கோலாலியாவுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

எக்கோலாலியாவுக்கு, அதாவது பிறர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு, தமிழ்ச் சொல் தேடும் நம் விவாதம் ‘கிளிப்பேச்சு’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது. அதுவே முடிவாகிவிடும் முன் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். பேச்சுப் பயிற்சிக்கு வரும் குழந்தைகளின் பெற்றோருக்குத் தமிழில் கையேடு எழுதுகிறவள் நான். இந்தச் சொல் இல்லாமல் எனக்கு ஒரு பக்கம்கூட நகராது.

> கிளிப்பேச்சு எளிமையானது, கேட்டவுடனே புரிகிறது.

புரிவதுதான் சங்கடம். ‘சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை’ என்ற வழக்கு நமக்குள் ஊறியிருப்பதால், பொருள் தெரியாமல் பேசுகிறது என்ற தீர்ப்பும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மதிப்பீட்டு அறிக்கையில் தன் மகனைப் பற்றி இப்படி எழுதியிருப்பதைப் படிக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். தவிர, இது குழந்தைகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு மொழித்திறன் குன்றிய பெரியவர்கள் சிலரிடமும் காணப்படுகிறது. அறுபது வயதுக்காரருக்கும் கிளிப்பேச்சு என்றே எழுதுவோமா?

‘எதிரொலிப் பேச்சு’ அவ்வளவு புண்படுத்தாது என்பது உண்மை. ஆனால் பாறைகூட எதிரொலிக்கும். அதற்குத் தாகம் எடுப்பதில்லை. குழந்தைக்கு எடுக்கிறது. “தண்ணீர் வேண்டுமா?” என்று தாய் கேட்கிறாள். குழந்தை அதே ஏற்ற இறக்கத்தோடு “தண்ணீர் வேண்டுமா?” என்கிறது. டம்ளரை நீட்டினால் மடமடவென்று குடிக்கிறது. மறுநாள் தாகம் எடுக்கும்போது, யாரும் கேட்காமலே, சமையலறை வாசலில் நின்று “தண்ணீர் வேண்டுமா?” என்கிறது. முதல் நாள் அது சொன்னது ‘ஆம்’. மறுநாள் சொன்னது ‘கொடு’.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டிய கட்டுரையிலேயே, கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் இவர்கள் இசைவு தெரிவிக்கும் வழி என்று குறித்திருக்கிறார். 1946இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் ஒரு சிறுவன் வருகிறான். எதையாவது வீசத் தோன்றும்போதெல்லாம் “பால்கனியிலிருந்து நாயை எறியாதே” என்பான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. முன்பு லண்டன் ஓட்டல் ஒன்றின் பால்கனியிலிருந்து அவன் பொம்மை நாயை வீசியபோது தாய் கண்டித்த வாக்கியம் அது. தன் கையைத் தானே தடுத்துக்கொள்ள அவனிடம் இருந்த சொற்கள் அவைதாம். பின்னர் 1981இல் பேச்சு-மொழி ஆய்வாளர் பேரி பிரிசான்ட்டும் உடன் ஆய்ந்தவரும், உடனடியாகத் திருப்பிச் சொல்வதற்கு மட்டுமே ஏழு வகைப் பயன்களைப் பிரித்துக் காட்டினார்கள். இசைவு, வேண்டுகோள், பேச்சில் தன் முறையை விடாமல் நிரப்புதல், தன்னை அடக்கிக்கொள்ளுதல் எல்லாம் அதில் உண்டு.

நான் பார்த்த ஒரு பையன், பயிற்சி அலுத்துப்போனால் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கிவிடுவான். ரயில் நிலைய அறிவிப்பாளரின் அதே குரல், அதே இழுவை. கிளம்பலாம் என்று பொருள். இதை உளறல் என்று எழுத என் பேனா ஒத்துழைக்காது.

அடுத்து, இலக்கணம் படித்த நண்பர் தந்த ‘கூறியது கூறல்’. ஓசை அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்னூலில் அது பத்துக் குற்றங்களில் மூன்றாவது. குழந்தையின் பேச்சுக்குக் குற்றப் பட்டியலிலிருந்தா பெயர் எடுப்பது? தவிர, அது தான் சொன்னதையே தான் மறுபடி சொல்வது. இங்கே திரும்பி வருவது பிறர் சொன்னது. ‘மீள்பேச்சு’ என்றால் போன பேச்சு திரும்பிவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்துவிடுவார்கள். ‘மீள்கிளவி’ தாளில் கம்பீரமாக இருக்கிறது. வாயால் சொன்னால் பாதிப் பேருக்குக் கிழவி என்றுதான் கேட்கும்.

நான் முன்வைப்பது ‘வழிமொழிவு’.

> அது பொதுக்குழுவில் தீர்மானத்தை வழிமொழிவது அல்லவா?

அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் முன்மொழிந்ததற்குப் பின்னால் நின்று ‘எனக்கும் சம்மதம்’ என்பதுதானே கூட்டத்திலும் நடக்கிறது? “தண்ணீர் வேண்டுமா?” என்று திருப்பிச் சொல்லும் குழந்தை செய்வதும் பல வேளைகளில் அதுவே. கூட்டக் குறிப்பேட்டையும் பேச்சுப் பயிற்சி அறிக்கையையும் யாரும் மாற்றிப் படிக்கப் போவதில்லை. வழிநூல் என்றால் முதல் நூலைப் பின்பற்றினாலும் வேறுபாடும் கொண்டது என்று நன்னூல் சொல்கிறதே, அந்த ‘வழி’யும் இங்கே கைகொடுக்கும். ஏனென்றால் குழந்தை வளர வளர, கேட்ட வாக்கியத்தில் சிறு மாற்றம் செய்யத் தொடங்குகிறது. ‘வேண்டுமா’வின் ஆகாரம் உதிர்ந்து ‘வேண்டும்’ மிஞ்சும் நாள், பயிற்சியில் பெரிய நாள். அந்த நிலையைத் ‘திரி வழிமொழிவு’ எனலாம்.

கேட்டவுடன் சொல்வது உடன்வழிமொழிவு. மணிக்கணக்கில், நாள்கணக்கில் கழித்துச் சொல்வது பின்வழிமொழிவு. ‘தாமத’ என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். அதே அறிக்கையில் ‘பேச்சு வளர்ச்சித் தாமதம்’ என்று வேறொரு வரி இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு பெற்றோர் குழம்புவார்கள்.

சொல் சரியாக அமைந்தால் கையேட்டில் அடுத்த வரியும் தானாக வந்து அமைகிறது: ‘உங்கள் குழந்தை வழிமொழியும் கட்டத்தில் இருக்கிறது. எனவே கேள்வியாகக் கேட்காமல், குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே, “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்.’ முன்மொழிகிறவர் பெற்றோர் என்பது விளக்காமலே விளங்கிவிடுகிறது. இரண்டு வயதை ஒட்டி எல்லாக் குழந்தைகளுமே ஓரளவு இப்படிப் பேசிக் கடப்பவர்கள்தாம் என்பதையும் அச்சமில்லாமல் இதே சொல்லால் எழுதிவிட முடிகிறது. ‘கிளிப்பேச்சுக் கட்டம்’ என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தன் சொல்லையே தான் திரும்பத் திரும்பச் சொல்லும் பாலிலாலியாவுக்கு இதே வேரிலிருந்து எதுவும் எனக்கு அகப்படவில்லை. ‘தன்வழிமொழிவு’ முரண்டு பிடிக்கிறது. திக்குதலோடு குழம்பாத சொல்லாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள். கையேடு அச்சுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.