அமெரிக்காவில் ஸ்பானிஷ் பூசைக்குப் போகிறவர்களே, உங்கள் ஆயர் (பிஷப்) அந்த ஸ்பானிஷ் பேசும் மக்களிடம் எப்படி? பார்த்ததைச் சொல்லுங்கள்

முத்துக்குளி77:
கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 2025 ஜூலை 8. குடியேற்றத் துறைக்குப் பயந்து வர முடியாதவர்களுக்கு ஞாயிறு பூசைக் கடமை இல்லை என்று ஆயர் ரோஹாஸ் ஆணை போட்டாரே, அதற்கு அடுத்த ஞாயிறு. ஜூன் மாதமே கோவில் வளாகத்துக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்திருந்தார்கள். வேலை நேரத்துக்குத் தோதாக நான் ஸ்பானிஷ் பூசைக்குத்தான் போவது. அன்று பாதிப் பெஞ்சு காலி. என் வரிசையில் எப்போதும் ஒரு பாட்டி, மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அன்று பாட்டி மட்டும். சால்வையை விரித்து, ஓரத்தில் கைப்பையை வைத்து, நம்ம ஊர் பஸ்ஸில் துண்டு போடுவோமே, அப்படி ஐந்து பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். பிடிக்க என்ன அவசியம், கோவிலே காலி. நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கித் திரும்பி வந்ததும் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாலை_ஷிப்ட்:
எங்கள் ஆயர் வேறு ரகம். ஊர் பேர் வேண்டாம். ஆள் போதவில்லை என்று எங்கள் பங்கை (கோவில் வட்டாரத்தை) இன்னொரு பங்கோடு சேர்த்துவிட்டார்கள். மதியம் 12 மணி ஸ்பானிஷ் பூசை காலை 7க்குப் போனது. சனி இரவு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எப்படி வருவார்கள்? ஆயர் கூட்டம் போட்டார், மொழிபெயர்க்க ஆளோடு. ஒரு வயதான அம்மா எழுந்து நாலு நிமிடம் பேசினார். எனக்குப் புரிந்தவரை, அந்தக் கோவில் தரைக்கு ஓடு பதித்தது அவர் கணவர். மெக்சிகோக்காரர்கள் கும்பிடும் குவாதலூப்பே மாதா படத்தை எங்கே வைப்பார்கள் என்பதுதான் கேள்வி. மொழிபெயர்த்தவர் ஆயர் பக்கம் குனிந்து, "அவருக்கு வருத்தமாம்" என்றார். அவ்வளவுதான். ஆயரும் தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

பழைய_பீடச்சிறுவன்:
முத்துக்குளி, தப்பாக நினைக்காதீர்கள். ஆயரே வீட்டில் இரு என்றால் பயம் கூடுமா குறையுமா? நானும் ஒருநாள் ஸ்பானிஷ் பூசைக்குப் போனேன், ஒன்றும் புரியவில்லை, வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அன்றைய பைபிள் வாசகங்களைத் தமிழில் வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். கர்த்தர் கற்பித்த செபத்தை ஸ்பானிஷில் மனப்பாடம் செய்யுங்கள், ஒரு வாரம் போதும். கடைசிப் பெஞ்சில் உட்காராதீர்கள். பூசை முடிந்ததும் காருக்கு ஓடாமல் தமாலே (மெக்சிகோ சோளமாவுப் பலகாரம்) விற்கிற அம்மாக்களிடம் இரண்டு வாங்குங்கள், பேச்சு தானாக வரும். கிரீன் கார்டு இருந்தால் எப்போதும் கையில் வைத்திருங்கள், சட்டமே அதுதான். ஆயரிடம் சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், கடிதமாகப் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஷிப்ட், அந்த அம்மாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

டெக்சாஸ்_தூத்துக்குடி:
அண்ணே, அந்த அம்மா எந்த மொழியில் கடிதம் போடுவார்? சரி, அதை விடுங்கள். ரோஹாஸ் யாரையும் வீட்டில் இரு என்று சொல்லவில்லை. வர முடியாதவனுக்குப் பாவமில்லை என்றார், வீட்டிலேயே செபமாலை சொல்லச் சொன்னார். திருச்சபைச் சட்டம் 1247 கடமையைச் சொல்கிறது, 87 அதிலிருந்து விலக்கு தரும் அதிகாரத்தை ஆயருக்குக் கொடுக்கிறது. கோவிடில் ஊர் உலகமெல்லாம் இதையேதான் செய்தார்கள், அப்போது நீங்கள் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை. இவர் மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்தெஸில் பிறந்தவர், அந்தப் பயம் என்னவென்று யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அங்கே பிறந்தால்தான் புரியும் என்றும் இல்லை. டெக்சாஸ் எல்லையில் இருக்கும் எல் பாசோ ஆயர் மார்க் சைட்ஸ் வெள்ளைக்காரர்தான். 2019 ஜூனில் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸில் காத்துக் கிடந்த ஹோண்டுராஸ் குடும்பத்தைத் தன்னோடு பாலத்தில் நடத்திக் கூட்டி வந்தார். அதைப் படித்த பிறகுதான் நான் எங்கள் பங்கில் ஸ்பானிஷ் பூசை எத்தனை மணிக்கு என்றே விசாரித்தேன். பன்னிரண்டு வருடமாக அதே கோவிலுக்குப் போகிறேன்.

முத்துக்குளி77:
பாட்டி வீட்டில் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு ஸ்பானிஷ் கிடையாது, தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. டிசம்பர் 12, குவாதலூப்பே மாதா திருநாள் விடியற்காலை, மாதாவுக்குப் பாட்டுப் பாடுகிற நேரத்தில் பார்த்தேன். கூட இரண்டு பேரப்பிள்ளைகள். அன்று கூட்டம் பிதுங்கியது, உட்கார இடமில்லை. சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.