மெய்ப்பொருளார் கதை போலி வேடத்துக்குத் துணை போகிறதா?

பாலைநிலத்தாள்:
பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓரிடம் தடுக்குகிறது. கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருக்கோவலூர் மன்னரான மெய்ப்பொருளாரிடம் போரில் பலமுறை தோற்றவன் முத்தநாதன். உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். வேறெங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, அரசியை அப்பால் போகச் செய்து, மன்னர் குனிந்து வணங்கும் நேரத்தில் குத்திவிடுகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய, சாயும் நிலையிலும் மன்னர் "தத்தா, நமர்" (இவர் நம்மவர்) என்று தடுக்கிறார். அவனை யாரும் தொடாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டு வரவும் சொல்கிறார்.

அவர் மனசு பெரியதுதான். ஆனால் ஒரு சமூகமே இதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தால் என்ன கற்றுக்கொள்ளும்? உடையைப் பார், கும்பிடு, கேள்வி கேட்காதே! தவம் என்ற அதிகாரத்தை முடித்த கையோடு கூடாவொழுக்கம் என்று அடுத்த அதிகாரம் பாடினாரே வள்ளுவர், அது யாருக்காக? "தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று" என்கிறார். புதருக்குள் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடனுக்குப் பத்திரமாக வழி காட்டி அனுப்பச் சொல்கிறது இந்தக் கதை.

நடுநாட்டான்:
அம்மா, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கூடாவொழுக்கம் முழுக்க வேடம் போட்டவனிடம் பேசுகிறது. பரிமேலழகரும் அதை, துறந்தவன் தான் விட்ட இன்பத்தை மனவலிமை இல்லாமல் திரும்ப நாடுவது என்றுதான் விளக்குகிறார். சேக்கிழார் பேசுவதோ வணங்குகிறவனைப் பற்றி. ஆளே வேறு.

சேக்கிழார் முத்தநாதனுக்கு எங்கேயாவது பரிந்து பேசுகிறாரா? "மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்துப் பொய்த்தவ வேடம் கொண்டு புகுந்தனன் முத்தநாதன்" என்று அவன் நுழையும்போதே நமக்குச் சொல்லிவிடுகிறார். குத்தும் இடத்தில் அந்தச் சொல்லையே வாயில் எடுக்காமல், "தான்முன் நினைந்த அப்பரிசே செய்ய" என்று கடந்துபோகிறார். அத்தனை அருவருப்பு அவருக்கு. படிக்கிற யாரும் முத்தநாதனை நல்லவன் என்று நினைக்கப் போவதில்லை. மன்னர் வணங்கியது அவனை அல்ல, அந்த நீற்றை. சொல்லும் செயலும் உயிர் போகும்போதும் பிரியாத ஒரு மனிதரின் கதை இது. போலித்தனத்துக்கு இதைவிடப் பெரிய எதிர்ப்பு எது?

ஏட்டுப்பூச்சி:
"வேடம் போட்டவனிடம் மட்டும் பேசுகிறது" என்பதை ஏற்க முடியவில்லை. அதே அதிகாரத்தில் 279ஆம் குறள் இருக்கிறது: "கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன வினைபடு பாலால் கொளல்". அம்பு நேரானது, ஆனால் கொல்லும். யாழின் கொம்பு வளைந்தது, ஆனால் இசை தரும். ஆகவே செயலைப் பார்த்து ஆளை எடைபோடு என்கிறார். இது பார்க்கிறவனுக்குச் சொன்ன சொல், நமக்குச் சொன்னது.

இந்த மண்ணில் வேடத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் சேக்கிழாருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசம் வடமொழி நாடகம்தான், ஆனால் நடப்பது காஞ்சித் தெருவில். மண்டையோட்டில் பிச்சை ஏற்கும் சைவத் துறவியான ஒரு காபாலிகனின் அந்த ஓடு காணாமல் போகிறது. பழி ஒரு பௌத்த துறவி மேல் விழுகிறது. கடைசியில் பார்த்தால் எடுத்துப்போனது ஒரு நாய். அந்தத் துறவியோ, இவ்வளவு கருணை உள்ள புத்தர் கள்ளையும் பெண்ணையும் விலக்கியிருப்பாரா, பொறாமை பிடித்த கிழவர்கள்தான் அந்தப் பகுதியைப் பிடகம் என்ற பௌத்த மறைநூலிலிருந்து நீக்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு போகிறார்! நாட்டை ஆளும் அரசனே இப்படி எழுத முடிந்த ஊர் காஞ்சி. பிரான்சில் மோலியேர் 1664இல் போலிப் பக்தன் ஒருவனை மேடை ஏற்றியதும் நாடகத்துக்குத் தடை வந்தது. வெளிப்படையாக நடிக்க அனுமதி கிடைக்க 1669 ஆகிவிட்டது. போலிகளைவிட, போலிகளைக் காட்டிக்கொடுக்கிறவர்கள்தான் பல நேரம் தண்டனை பெறுகிறார்கள்.

நடுநாட்டான்:
279ஐ ஒப்புக்கொள்கிறேன், அது பார்ப்பவனுக்குத்தான். ஆனால் மன்னர் முத்தநாதனின் செயலை எடைபோடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? குத்துப்பட்ட பிறகு அவன் யார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் "நமர்" என்றார். ஏமாந்தவர் வாயில் வருகிற சொல் அல்ல அது. நீற்றுக்குக் கொடுத்த வாக்கை, அதைக் களங்கப்படுத்தியவனுக்காக மாற்றிக்கொள்ள மறுத்தார். தத்தன் திரும்பி வந்து, அவன் பத்திரமாகப் போய்விட்டான் என்று சொல்லும் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாயனாரான ஏனாதிநாதரையும் பாருங்கள். வாட்போரில் எதிரி அதிசூரன் கேடயத்தால் மறைத்து வைத்திருந்த நீற்று நெற்றியைக் காட்டியதும், இனிக் கொல்லமாட்டேன் என்று முடிவு செய்கிறார். ஆனால் வாளைக் கீழே போடவில்லை. போட்டால், ஆயுதம் இல்லாதவனைக் கொன்ற பழி அவனுக்கு வந்துவிடுமே! சண்டை போடுவதுபோல நின்று உயிரைக் கொடுத்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் அவரும்தான் அப்படி நின்றார். அதைப் போலித்தனம் என்பீர்களா?

பாலைநிலத்தாள்:
என்னமாகச் சொல்லிவிட்டீர்கள். ஏனாதிநாதர் காட்டிய பாவனையில் நஷ்டம் அவருக்கு மட்டும். முத்தநாதன் காட்டியதில் நஷ்டம் எதிரே இருந்தவருக்கு. நான் கேட்க வந்ததும் இதுதான்: விலை கொடுப்பது யார்?

தன் மார்பில் பட்ட குத்தை மன்னிக்க மெய்ப்பொருளாருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு காவி உடைக்காரர் திருப்பணி என்று வீடு வீடாக வசூல் செய்து, கணக்குக் காட்டாமல் போனார். கேட்க எழுந்தவர்களை ஊர்ப் பெரியவர்கள் "சாமியாரைச் சந்தேகப்படாதே" என்று உட்காரவைத்தார்கள். பணம் கொடுத்தவர்களில் கூலி வேலை செய்யும் பெண்கள் அதிகம். பெரியவர்கள் வீட்டிலிருந்து போனது சொற்பம். அடுத்தவருடைய காயத்தை இவர்கள் மன்னிக்கிறார்கள், அதற்கு மெய்ப்பொருளாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். கோபம் எனக்கு நாயனார் மேல் இல்லை.

ஏட்டுப்பூச்சி:
அந்தப் பெரியவர்களுக்குச் சேக்கிழாரையே காட்டலாம். குத்து விழுந்த உடனே தத்தன் எப்படி அங்கே வந்து நின்றான்? "மறைத்தவன் புகுந்த போதே மனம்அங்கு வைத்த தத்தன்" என்கிறார். முத்தநாதன் உள்ளே நுழைந்ததிலிருந்தே தத்தனின் மனம் அங்கேதான் இருந்திருக்கிறது. வணங்கிய அரசரைப் பாடிய அதே கவி, கண்காணித்த காவலனையும் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். அந்தச் சந்தேகத்தை ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. இந்தக் கதையைப் பிரசங்கம் செய்பவர்கள் "தத்தா நமர்" என்பதை உருகி உருகிச் சொல்கிறார்கள், இந்த வரியில் நிற்பதே இல்லை.

நடுநாட்டான்:
அந்த வரியில் நிற்க வேண்டும், சரிதான். தத்தன் செய்தது காவலன் கடமை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதை எந்த நாயனாரும் தடுக்கவில்லை. ஆனால் காவலன் பார்வையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டால், வாசலில் உண்மையாகவே பசியோடு வந்து நிற்கும் அடியாரையும் முத்தநாதனாகத்தானே பார்ப்போம்? எங்கள் வீட்டில் என் தாத்தா யார் வந்தாலும் முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் ஊர் கேட்பார். அந்தப் பழக்கம் இந்தக் கதைகளால் வந்தது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

பாலைநிலத்தாள்:
சோறு போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அண்ணா. ஊர் உண்டியல் சாவியைக் கொடுப்பதைப் பற்றித்தான் கேட்கிறேன். குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது தத்தன் வரியையும் இனிச் சேர்த்துச் சொல்வேன். ஆனால் ஏமாந்தவள் பெயரில் ஏமாறாதவர் மன்னிக்கலாமா என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.