டயாலிசிஸா, மகளின் கிட்னியா: எதை முதலில் தீர்மானிப்பது?

சாட்ஸ்வொர்த் வாசகி:

வணக்கம். எனக்கு வயது 61. கணவருடன் 1996-இல் தஞ்சாவூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். நீரிழிவு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. சிறுநீரகங்களின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். அளவு சென்ற மாதம் 13 என்று மிகக் குறைவாக வந்தது. சில மாதங்களில் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்றும், அதற்கு இப்போதே, இயந்திரத்தோடு இணைக்க வசதியாக இடக்கையின் இரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று சேர்க்கும் ஃபிஸ்டுலா அறுவை செய்துகொள்ளலாம் அல்லது வயிற்றில் குழாய் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றும் மருத்துவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் எதற்குச் சம்மதித்தேன் என்பதே எனக்குப் புரியவில்லை.

34 வயது மகள், "என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மகன் தினமும் கேட்கிறான். மகளுக்கு ஒரே குழந்தை. இன்னொன்று வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. பெற்ற பிள்ளையின் உடம்பில் கத்தி வைத்து நான் வாழ வேண்டுமா என்று நினைத்துவிட்டால், வேறு எதுவும் ஓடமாட்டேன் என்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

சகோதரி, ஃபிஸ்டுலா, டயாலிசிஸ், மகளின் கிட்னி என்ற மூன்று தனித்தனி முடிவுகளை நீங்கள் ஒரே மூட்டையாகச் சுமக்கிறீர்கள். ஃபிஸ்டுலா வைப்பது டயாலிசிஸ் தொடங்குவது ஆகாது. அந்த இரத்தக்குழாய் தடித்துப் பயனுக்கு வரவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே செய்கிறார்கள். 13 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் யாரும் தொடங்குவதில்லை. சீக்கிரமாகத் தொடங்கியவர்களும் காத்திருந்து தொடங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள் என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் அதை வீணாக்கிவிடாதீர்கள். தள்ளிப்போட்டு மூச்சுத்திணறலோடு வந்து, கழுத்தில் அவசரக் குழாய் போட்டுக்கொண்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டின் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி, எல்லாச் சிகிச்சை வழிகளையும், அவற்றின் நன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றையும், மறுக்கும் உரிமையையும் மருத்துவர் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கூடுமானவரை உங்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்ல வேண்டும். எனவே, "இன்றைக்குப் பதில் சொல்லமாட்டேன், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பணத்தைப் பற்றியும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தியாகராஜ் சுப்ரமணி என்ற நம் டர்பன்காரர், தனியார் சிகிச்சையில் கையிருப்பு தீர்ந்தபின், அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டு 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்றார். மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியுள்ளவர்களுக்கே டயாலிசிஸ் இயந்திரம் என்ற மருத்துவமனை விதி நியாயமானது என்று தீர்ப்பாயிற்று. இதய நோய் இருந்ததால் அவருக்குக் கிடைக்கவில்லை. மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயம் தரவேண்டிய குறைந்தபட்சச் சலுகையும், இந்த நோயைப் பொறுத்தவரை, அரசின் தகுதி விதிகளையே பின்பற்றுகிறது. ஆகவே உங்கள் மெடிக்கல் எய்ட் திட்டம் எந்தச் செலவை ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மகளிடம் கிட்னி வாங்குவதாக இல்லாவிட்டாலும், மாற்றுச் சிகிச்சைக்கு உங்கள் உடல் தகுதியானதா என்ற பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

மகளுடைய முடிவு மகளுடையது. தானம் கொடுப்பவரை உங்கள் மருத்துவர் அல்லாத வேறொருவர் தனியாகப் பார்த்துப் பேசவேண்டும். கிட்னி கொடுத்தபின் கருத்தரித்தால் இரத்த அழுத்தச் சிக்கல் கூடுதலாக வரக்கூடும் என்பதை அவள் அங்கே தெரிந்துகொள்ளட்டும். மனம் மாறினால் காரணம் யாருக்கும் தெரியாமலே விலகிக்கொள்ளவும் முடியும்.

ஃபீனிக்ஸ் அன்பர்:

அக்கா, நான் நான்கு ஆண்டுகளாக வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துவருகிறேன். தினமும் நான்கு முறை இரண்டு லிட்டர் திரவப் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு முருகன் காலண்டர் தொங்கிய அதே கொக்கிதான். கையால் செய்யும் முறை என்பதால் மின்வெட்டு பயமில்லை. ஆனால் அட்டைப்பெட்டிகள் ஓர் அறையையே அடைத்துக்கொண்டன. வடிந்த நீர் ஒரு நாள் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கி வந்தது, வயிற்றுக்குள் தொற்று. அன்றே ஓடியதால் பிழைத்தேன். நீங்கள் நீரிழிவுக்காரர் என்பதால் இதையும் கேளுங்கள்: அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறது, எனக்கு இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது.

டொங்காட் வாசகி:

என் கணவர் வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்கிறார். அன்று மாலை பிழிந்துபோட்ட துணியாக வருவார். மறுநாள் தோட்டத்தில் நிற்பார். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் ஊசியோ இரத்த அழுத்தப் பட்டையோ போட விடமாட்டார். இரவில் அந்தக் கை என் காதருகே வந்தால் வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்கும். நிலையத்துக்குப் போய் ஒரு முழு நேரம் உட்கார்ந்து பாருங்கள், அம்மா, அதன்பின் தீர்மானியுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி:

அனைவருக்கும் நன்றி. ஃபிஸ்டுலாவுக்குச் சம்மதம் சொல்லப்போகிறேன். எதைத் தேர்ந்தாலும் அது கையில் இருக்கட்டும். மெடிக்கல் எய்டுக்கு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை மகளும் உடன் வருகிறாள், ஆனால் முதலில் நான் தனியாக உள்ளே போவேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தாள்.